பில்கிரிம், பியூரிட்டன், குவேக்கர்: சென்னையில் இருந்தபடியே குழப்பமில்லாமல் படிப்பது எப்படி?

அண்ணா நகரில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் யாரையாவது நிறுத்தி, இங்கிலாந்துக்காரர்கள் எதற்காக அமெரிக்காவில் போய்க் குடியேறினார்கள் என்று கேளுங்கள். யோசிக்காமல் பதில் வரும்: மதச் சுதந்திரம் தேடிப் போனார்கள். இந்த வரியை வைத்துக்கொண்டு இரண்டு மதிப்பெண் வாங்கலாம், அதற்கு மேல் ஒன்றும் தேறாது. 1607-ல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் இறங்கிய கூட்டம் போனது பணம் பார்க்க. அதன் பிறகு மதத்துக்காகவே போனவர்களிலும் பெரும்பாலானவர்கள் தேடியது தங்களுக்கான சுதந்திரத்தை மட்டும்தான். பக்கத்து வீட்டுக்காரன் வேறு மாதிரிக் கும்பிட்டால் அவனை ஊரைவிட்டுத் துரத்தவும், சவுக்கால் அடிக்கவும், கடைசியில் தூக்கில் போடவும் அவர்கள் தயங்கவில்லை.

ஆகவே இந்த விஷயத்தைப் படிக்க உட்காரும் யாரும், தேர்வுக்காரர்கள் ஆனாலும் சரி, பாஸ்டன் பக்கம் மகள் வீட்டுக்கு ஆறு மாதம் போகப்போகிற அப்பா அம்மா ஆனாலும் சரி, ஒவ்வொரு குழுவிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே போக வேண்டும்: சுதந்திரம் யாருக்கு? இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரிசையில் நிற்கும்.

கப்பலில் இருந்து ஆரம்பிக்காதீர்கள்

நிறையப் பேர் பில்கிரிம்களை ஏற்றிப்போன மேஃப்ளவர் கப்பலில் தொடங்குகிறார்கள். அங்கே தொடங்கினால் அந்தக் கப்பலில் ஏன் ஏறினார்கள் என்பதே புரியாது. முதல் இரண்டு நாள் இங்கிலாந்திலேயே இருங்கள்.

1534-ல் எட்டாம் ஹென்றி போப்பை ஒதுக்கிவிட்டுத் தானே இங்கிலாந்து திருச்சபைக்குத் தலைவர் ஆனார். அவர் மகள் எலிசபெத் பட்டத்துக்கு வந்ததும், 1559-ல், நாடு முழுக்க ஒரே வழிபாட்டுப் புத்தகம்தான், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வராவிட்டால் 12 பென்ஸ் அபராதம் என்று சட்டம் போட்டார்கள். அதாவது ஆராதனைக்குப் போவது அங்கே பக்தி மட்டும் இல்லை, அரச விசுவாசமும் கூட. மன்னர் நியமித்த பேராயரை ஏற்க மாட்டேன் என்று சொன்னால் மன்னரையே ஏற்கவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். 1593-ல் ஹென்றி பாரோ, ஜான் கிரீன்வுட், ஜான் பென்ரி என்று மூன்று பேரைத் தூக்கிலிட்டது இதனால்தான். 1604-ல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் இதை இன்னும் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: பேராயர் இல்லையென்றால் மன்னரும் இல்லை.

எதிர்த்தவர்களின் குறை என்ன? போப் போய்விட்டார், ஆனால் அவருடைய சடங்கெல்லாம் அப்படியே இருக்கிறதே என்பதுதான். குருக்களின் வெள்ளை அங்கி, ஞானஸ்நானத்தில் சிலுவை அடையாளம் போடுவது, நற்கருணைக்கு முழங்கால் போடுவது, பேராயர்களின் அதிகாரம், எதற்கும் வேதத்தில் இடமில்லை என்றார்கள். இங்கே இரண்டாகப் பிரிகிறார்கள், எல்லாக் குழப்பமும் இங்கேதான் முளைக்கிறது. நமக்கு இது புதிதில்லை. தலைமை சரியில்லை என்று புலம்பிக்கொண்டே கட்சிக்குள் இருந்து திருத்தப் பார்க்கிறவர் ஒருவர், இது தேறாது என்று வெளியே வந்து தனிக்கட்சி தொடங்குகிறவர் இன்னொருவர். உள்ளே இருந்து திருத்தப் பார்த்தவர்கள் பியூரிட்டன்கள். வெளியே போனவர்கள் செப்பரேட்டிஸ்டுகள். இவர்களில் ஒரு சிறு கூட்டத்தைத்தான் பிற்காலத்தில் பில்கிரிம்கள் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இரண்டு பேருக்கும் நம்பிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை, திருச்சபையை விட்டு விலகலாமா கூடாதா என்பதில்தான் சண்டை.

ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள்

படிக்கும்போது பக்கத்தில் ஒரு பெரிய தாளை வைத்து ஐந்து கட்டம் போடுங்கள். யார், எப்போது கிளம்பினார்கள், எங்கே இறங்கினார்கள், பணமும் சாசனமும் யார் கொடுத்தது, கடைசியாக, இவர்கள் யாரை வெளியே துரத்தினார்கள். கடைசிக் கட்டத்தைப் பாடப்புத்தகம் நிரப்பித் தராது, நீங்கள்தான் தேடி நிரப்ப வேண்டும், அதுதான் முழு விஷயமும்.

பில்கிரிம் வரிசையை முதலில் நிரப்புங்கள். நாட்டிங்காம்ஷயரில் ஸ்க்ரூபி என்ற சிற்றூரில் ரகசியமாகக் கூடிய சபை இது. வில்லியம் ப்ரூஸ்டர், போதகர் ஜான் ராபின்சன், அப்போது பையனாக இருந்த வில்லியம் பிராட்ஃபோர்டு ஆகியோர் இதில் இருந்தார்கள். 1607-08 வாக்கில் ஹாலந்துக்குத் தப்பினார்கள், 1609-ல் லைடன் நகரில் குடியேறினார்கள். கவனியுங்கள், லைடனில் அவர்களை யாரும் தொந்தரவு செய்யவில்லை. மதச் சுதந்திரம் மட்டும்தான் வேண்டும் என்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அங்கிருந்தும் கிளம்பினார்களே, ஏன்? நெசவு வேலையில் முதுகு ஒடிந்தது, பிள்ளைகள் டச்சுக்காரப் பிள்ளைகளாக மாறிக்கொண்டிருந்தார்கள், ஸ்பெயினோடு இருந்த போர்நிறுத்தம் 1621-ல் முடியப்போகிறது. வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்களுக்கு அந்த இரண்டாவது காரணத்தை விளக்கவே தேவையில்லை.

பணம் லண்டன் வணிகர்களுடையது. ஸ்பீட்வெல் என்ற இரண்டாவது கப்பல் ஒழுகியதால் அதைக் கைவிட்டு, 1620 செப்டம்பரில் மேஃப்ளவரில் 102 பயணிகள் புறப்பட்டார்கள். இதில் ஏறக்குறையப் பாதிப் பேர் இந்தச் சபையைச் சேர்ந்தவர்களே இல்லை, பிழைப்புக்காக வணிகர்கள் ஏற்றிவிட்டவர்கள். ஹட்சன் ஆற்றுப் பக்கம் போக வேண்டிய கப்பல் வடக்கே கேப் காட் முனையில் போய் நின்றது. கையில் இருந்த உரிமம் இந்த இடத்துக்குச் செல்லாது, ஆகவே எங்களை யாரும் கட்டுப்படுத்த முடியாது என்று சிலர் முணுமுணுக்க, அதைச் சமாளிக்கத்தான் நவம்பர் 11 அன்று 41 ஆண்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஜனநாயகத்தின் விதை என்றெல்லாம் பின்னால் மாலை போட்டார்கள். அன்றைக்கு அது கப்பலில் கலாட்டா வராமல் தடுக்க எழுதிய காகிதம். முதல் குளிர்காலம் முடிவதற்குள் வந்தவர்களில் பாதிப் பேர் இறந்தார்கள். லண்டன் கடனை அடைக்க 1,800 பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டு, பீவர் தோலை ஏற்றுமதி செய்து கட்டிக்கொண்டே இருந்தார்கள்.

கம்பெனியை மூட்டை கட்டிக்கொண்டு போன கதை

பில்கிரிம்கள் குடியேறிய பிளிமத் சின்ன ஊர். கூட்டம் என்று பார்த்தால் அடுத்து வந்த மாசசூசெட்ஸ்தான். 1629-ல் முதலாம் சார்லஸ் நாடாளுமன்றத்தைக் கலைத்தார், 1633-ல் வில்லியம் லாட் தலைமைப் பேராயராகிப் பியூரிட்டன் போதகர்களை ஒவ்வொருவராகப் பிடுங்கி எறிந்தார். உள்ளே இருந்து திருத்தலாம் என்ற நம்பிக்கை கரைந்தது. 1630-ல் ஜான் வின்த்ரோப் என்ற வழக்கறிஞர் தலைமையில் ஒரு கப்பல் வரிசையே புறப்பட்டது. அடுத்த பத்து வருஷத்தில் ஏறக்குறைய 20,000 பேர் நியூ இங்கிலாந்து என்ற அமெரிக்க வடகிழக்குப் பகுதிக்குப் போனார்கள், பெரும்பாலும் குடும்பம் குடும்பமாக.

இங்கே சென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள். மாசசூசெட்ஸ் விரிகுடாக் கம்பெனியும் கிழக்கிந்தியக் கம்பெனியும் ஒரே காலத்து லண்டன் சரக்கு: மன்னர் சாசனம், பங்குதாரர்கள், ஓர் ஆளுநர், ஒரு சபை. 1639-ல் இங்கே மணல்மேட்டில் புனித ஜார்ஜ் கோட்டைக்கு இடம் வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இயக்குநர்கள் லண்டனிலேயே இருந்தார்கள்; மெட்ராஸ் ஆளுநர் எதற்கெடுத்தாலும் கடிதம் எழுதிவிட்டுப் பல மாதம் காத்திருக்க வேண்டும், பதில் வரும்போது ஆளே மாறியிருப்பார். மாசசூசெட்ஸ்காரர்கள் சாசனத்தைக் கூர்ந்து படித்தார்கள். கம்பெனிக் கூட்டம் இங்கிலாந்தில்தான் நடக்க வேண்டும் என்று அதில் எங்கும் எழுதவில்லை. 1629 ஆகஸ்டில் கேம்பிரிட்ஜில் கூடி, சாசனத்தையும் நிர்வாகத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போவது என்று முடிவு செய்தார்கள். அவ்வளவுதான், வணிகக் கம்பெனியின் பங்குதாரர் கூட்டம் கடல் தாண்டியதும் சட்டமன்றமாகிவிட்டது. இந்த ஒரு தந்திரம் புரிந்தால் நியூ இங்கிலாந்து ஏன் ஆரம்பத்திலிருந்தே தன்னிஷ்டத்துக்கு நடந்தது என்பது புரியும். கோட்டை வரலாறு ஏற்கெனவே தெரிந்தவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் ஆட்சி எப்படி இருந்தது? 1631-லேயே வாக்குரிமை சபை உறுப்பினர்களுக்கு மட்டும் என்றார்கள். கோயிலுக்கு வருவது கட்டாயம். 1636-ல் ஹார்வர்டு, போதகர்களைப் பயிற்றுவிக்க. 1647-ல் ஐம்பது வீடு உள்ள ஊரெல்லாம் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்க ஆள் வைக்க வேண்டும் என்று சட்டம், பிள்ளைகள் வேதத்தைத் தாங்களே படிக்க வேண்டும் என்பதற்காக. 1659-ல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். ஆமாம், கிறிஸ்துமஸுக்கே தடை, வேதத்தில் அந்தத் தேதி இல்லை என்று. 1640-ல் கேம்பிரிட்ஜில் சங்கீதப் புத்தகம் அச்சிட்டார்கள், ஆங்கிலேயர்களின் அந்தக் குடியேற்றங்களில் அச்சான முதல் புத்தகம் அது. தமிழில் தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் அச்சானது 1578-ல். 62 வருஷம் நாம் முன்னால். தேர்வுக்கு உதவாது, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கடைசிக் கட்டத்துக்கு வாருங்கள்

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பேரைப் பற்றி நன்றாகத் தெரிந்தால் போதும்.

முதலாவது ரோஜர் வில்லியம்ஸ். 1631-ல் வந்த இளம் போதகர், எல்லோருக்கும் பிடித்தவர், வாயைத் திறந்தால் சங்கடம். அரசன் இன்னொருவர் நிலத்தைப் பட்டா போட்டுக் கொடுக்க என்ன உரிமை, செவ்விந்தியர்களிடம் அல்லவா வாங்க வேண்டும் என்றார். கடவுளுக்கும் மனிதனுக்கும் இடையிலான குற்றத்தை அரசு தண்டிக்கக் கூடாது என்றார். 1635 அக்டோபரில் நாடுகடத்தல் உத்தரவு போட்டார்கள். கப்பலேற்ற ஆள் வரும் முன் நடுக் குளிர்காலத்தில் பனியில் இறங்கி நடந்துவிட்டார். நராகன்செட் என்ற பூர்வகுடி மக்களிடம் இடம் வாங்கி 1636-ல் பிராவிடன்ஸ் ஊரை அமைத்தார், அதுதான் ரோட் ஐலண்டின் தொடக்கம். பாப்டிஸ்டுகள், குவேக்கர்கள், யூதர்கள் என்று மற்ற இடத்தில் விரட்டப்பட்டவர்கள் எல்லாம் வந்து சேர்ந்த இடம். இவரை இன்றைய மதச்சார்பின்மைவாதி என்று எழுதிவிடாதீர்கள், நிறையப் பேர் இங்கே சறுக்குகிறார்கள். இவர் பியூரிட்டன்களைவிடக் கறாரானவர். அரசின் கை பட்டால் சபை அழுக்காகும் என்பதால்தான் இரண்டையும் பிரிக்கச் சொன்னார், மதத்தை ஒதுக்கி வைக்க அல்ல. இன்னொரு வேடிக்கை: நராகன்செட் பக்கம் போ என்று அவருக்கு ரகசியமாக யோசனை சொன்னவர் வின்த்ரோப்தான் என்று வில்லியம்ஸே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். யாரையும் ஒரே சாயத்தில் முக்கிவிட முடியாது.

இரண்டாவது ஆன் ஹட்சின்சன். பாஸ்டனில் பிரசவம் பார்ப்பவர், நிறையப் பிள்ளைகள் பெற்றவர். வாரா வாரம் வீட்டில் பெண்களைக் கூட்டி ஞாயிறு பிரசங்கத்தை அலசுவார். பிறகு ஆண்களும் வர ஆரம்பித்தார்கள். மீட்பு கடவுளின் அருளால் என்பதை விட்டு, நற்செயலால் என்று ஊரில் பெரும்பாலான போதகர்கள் பிரசங்கிக்கிறார்கள் என்று இவர் சொன்னதாகப் பேச்சு. 1637 நவம்பரில் விசாரணை, வின்த்ரோப்பே தலைமை, அவரே குற்றம் சாட்டுபவர். இந்த விசாரணையின் எழுத்துப் பதிவு கிடைக்கிறது, கட்டாயம் படியுங்கள், மொத்த வரலாற்றிலும் இவ்வளவு உயிரோடு இருக்கிற பக்கங்கள் குறைவு. என் வீட்டில் கூட்டம் போட எந்தச் சட்டம் தடுக்கிறது என்று கேட்கிறார்; முதிய பெண்கள் இளம் பெண்களுக்குப் போதிக்கலாம் என்று வேதமே சொல்கிறதே என்று தீத்து நிருபத்தை எடுத்துப் போடுகிறார். நீதிமன்றம் திணறுகிறது. முழுதாக ஜெயிக்கும் நேரத்தில், இதெல்லாம் தேவன் எனக்கு நேரடியாக வெளிப்படுத்தியது என்று அவரே சொல்லிவிடுகிறார், அவர்களுக்கு அது போதும். தீர்ப்பு வந்ததும், எதற்காக நான் நாடுகடத்தப்படுகிறேன் என்று கேட்கிறார். இதற்கு மேல் பேசாதே, எதற்கென்று நீதிமன்றத்துக்குத் தெரியும், அதற்குத் திருப்தியாகிவிட்டது என்கிறார் வின்த்ரோப். லாட் பேராயரின் விசாரணைகளில் இருந்து தப்பி வந்தவர்கள் ஏழே வருஷத்தில் பேசிய பேச்சு இது.

மூன்றாவது மேரி டயர். 1638 மார்ச்சில் ஹட்சின்சனைச் சபையைவிட்டு நீக்கியபோது எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வெளியே நடந்தவர். பிறகு இங்கிலாந்து போய்க் குவேக்கராகத் திரும்பினார். குவேக்கர்களுக்குப் போதகர் இல்லை, சடங்கு இல்லை, ஒவ்வொருவருக்குள்ளும் ஒளி உண்டு என்பார்கள், எந்த நீதிபதி முன்பும் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள். 1656-ல் முதல் குவேக்கர் பெண்கள் இருவர் பாஸ்டனில் இறங்கியபோதே புத்தகங்களை எரித்து, சிறையில் வைத்து, திருப்பி அனுப்பினார்கள். 1658-ல் நாடுகடத்தியும் திரும்பி வந்தால் மரணம் என்று சட்டம். 1659 அக்டோபர் 27 அன்று வில்லியம் ராபின்சன், மார்மடியூக் ஸ்டீவன்சன் இருவரையும் தூக்கிலிட்டார்கள். அவர்களோடு மேடைக்கு நடந்த மேரி டயருக்குக் கழுத்தில் கயிறு மாட்டிய பிறகு மகனின் மனுவால் தண்டனை நிறுத்தம். விட்டதே போதும் என்று போயிருக்கலாம். அந்தச் சட்டம் நிற்கக் கூடாது என்று அடுத்த மே மாதம் திரும்ப வந்தார். 1660 ஜூன் 1 அன்று தூக்கிலிட்டார்கள். நான்காவதாக 1661-ல் வில்லியம் லெட்ரா. அதற்குப் பிறகு இரண்டாம் சார்லஸ் மன்னர் கொலையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பினார், அதைக் கொண்டு வந்து கொடுத்தவர் இதே பாஸ்டன்காரர்கள் விரட்டிவிட்ட சாமுவேல் ஷாட்டக் என்ற குவேக்கர். யாரிடமிருந்து தப்பி ஓடினார்களோ அந்த மன்னர் குடும்பம் வந்து இவர்களைத் தடுக்க வேண்டியிருந்தது.

மற்ற வரிசைகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கத்தோலிக்கரான பால்டிமோர் பிரபுவின் மேரிலாந்து, 1634. அங்கே 1649-ல் வந்த சகிப்புச் சட்டம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும்தான், திரித்துவத்தை, அதாவது தந்தை, மகன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை, மறுத்தால் மரண தண்டனை. போதகர் தாமஸ் ஹூக்கர் கனெக்டிகட்டில் அமைத்த ஹார்ட்ஃபோர்டு, 1636. வில்லியம் பென்னின் பென்சில்வேனியா, 1681: அவர் அப்பாவுக்கு மன்னர் பட்ட 16,000 பவுண்டு கடனுக்குப் பதிலாக வந்த நிலம் அது. குவேக்கர் ஆட்சியில் வழிபாட்டுக்காக யாரையும் வதைக்கவில்லை, கடைசிக் கட்டம் ஏறக்குறையக் காலி. பென்னே அடிமைகள் வைத்திருந்தார் என்பதையும் எழுதிவையுங்கள். 1688-ல் ஜெர்மன்டவுனில் அடிமை முறையை எதிர்த்து மனு எழுதியவர்களும் அதே வட்டாரத்துக் குவேக்கர்கள்தான்.

ஆறாவது கட்டம் ஒன்று வேண்டும் என்றால் அது நிலத்துக்குச் சொந்தக்காரர்களுக்கு. 1616 முதல் 1619 வரை கொள்ளைநோயில் அழிந்துபோன பட்டக்செட் என்ற ஊரின் மேல்தான் பிளிமத் எழுந்தது. 1621 இலையுதிர்கால விருந்தில் பில்கிரிம்களோடு உட்கார்ந்த வாம்பனோவாக் பூர்வகுடித் தலைவர் மசசாய்ட்டின் மகன் மெட்டகாம், 1675-76 போரில் கொல்லப்பட்டார், தலையைப் பிளிமத்திலேயே கழியில் குத்தி வைத்தார்கள். அந்த விருந்தை நினைவுகூரும் நன்றி தெரிவிக்கும் நாள் படத்தில் வான்கோழியோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்கு இந்தப் பாதி தெரியாது.

தேதியில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க

1752 வரை இங்கிலாந்தில் பழைய நாள்காட்டிதான். இந்தக் கதை நடக்கும் 17-ஆம் நூற்றாண்டில் அது நம் கணக்குக்குப் பத்து நாள் பின்தங்கியிருக்கும், வருஷம் மார்ச் 25-ல் பிறக்கும். ஆகவே வில்லியம்ஸ் தப்பிய ஜனவரியை ஒரு புத்தகம் 1635 என்றும் இன்னொன்று 1636 என்றும் போடும், இரண்டும் சரிதான். கோட்டைப் பதிவேடுகளிலும் இதே கதை; ஜனவரி முதல் மார்ச் வரையான தேதிகளில் இரட்டை வருஷம் போட்டிருந்தால் பயப்படாதீர்கள். குறிப்பு எடுக்கும்போது நாளை மூலத்தில் உள்ளபடியும், வருஷத்தை ஜனவரிக் கணக்குப்படியும் எழுதினால் குழப்பம் இல்லை. இணையத்தில் ஸ்கேன் செய்த பழைய அச்சில் ‘எஸ்’ எழுத்து ‘எஃப்’ மாதிரித் தெரியும், தேடுபெட்டியில் சொல்லைப் போட்டால் கிடைக்காது. ‘எஃப்’ போட்டும் ஒருமுறை தேடுங்கள்.

எங்கே போய்ப் படிப்பது

எழும்பூர் கன்னிமாராவில் பழைய நூல்கள், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் புதியவை. ஜெமினி பாலத்துக்குப் பக்கத்தில் அமெரிக்கத் துணைத் தூதரக நூலகம் இருக்கிறது, நுழைவு விதிகளைப் பார்த்துவிட்டுப் போங்கள், விசா வரிசையில் போய் நின்றுவிடாதீர்கள். பிராட்ஃபோர்டு எழுதிய பிளிமத் வரலாறும் வின்த்ரோப்பின் நாட்குறிப்பும் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் வாரம் பாடநூல், இரண்டாம் வாரம் நேராக மூலம். நடுவில் வழிகாட்டி நூல்களில் விழுந்தால் மதச் சுதந்திரம் தேடிப் போனார்கள் என்ற அந்த ஒரு வரிக்கே திரும்பி வந்துவிடுவீர்கள்.

ஒரு காலை நேரம் ஒதுக்கிக் கோட்டைக்குப் போங்கள். அடையாள அட்டை வேண்டும், தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் சோதனை உண்டு. புனித மேரி ஆலயத்தில் பதிவான முதல் திருமணம் 1680-ல் எலிஹு யேல், கேத்தரின் ஹின்மர்ஸ் இருவருக்கும் நடந்தது. இந்த யேல் பிறந்தது 1649-ல் பாஸ்டனில். அவர் பாட்டி ஆன், நியூ ஹேவன் என்ற பியூரிட்டன் குடியேற்றத்தின் ஆளுநர் தியோஃபிலஸ் ஈட்டனை மறுமணம் செய்தவர், குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காததால் சபையிலிருந்து நீக்கப்பட்டவர். அப்பா டேவிட், மாசசூசெட்ஸ் ஆட்சிமுறையை எதிர்த்து 1646-ல் எழுந்த மனுவில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். உங்கள் தாளின் கடைசிக் கட்டம் ஒரே குடும்பத்தில் இரண்டு தலைமுறைக்கு ஓடுகிறது. குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பியது, பையன் கம்பெனி எழுத்தராக மெட்ராஸ் வந்து 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்தார், தனிவியாபாரப் புகாரில் பதவி போனது. அவர் காலத்தில் இங்கிருந்து அடிமைகளைக் கப்பலேற்றியதும் பதிவேட்டில் இருக்கிறது. 1718-ல் கனெக்டிகட்டில் பியூரிட்டன் போதகர்கள் நடத்திய கல்லூரிக்கு மஸ்லின், காலிகோ உள்ளிட்ட துணிப் பொதிகளும் 417 புத்தகங்களும் கொடுத்தார், கல்லூரிக்கு அவர் பெயர். இங்கிலாந்து திருச்சபைக்காரனான நான் எதிர்ப்பாளர்களின் கல்லூரிக்குக் கொடுக்கலாமா என்று அவருக்கு முதலில் தயக்கமாம். சிறு வயதில் இறந்த அவர் மகன் டேவிட்டின் கல்லறைத் தூண் உயர் நீதிமன்ற, சட்டக் கல்லூரி வளாகப் பக்கம். அதை இடம் மாற்றச் சொல்லி 2023-ல் உத்தரவு வந்தது, ஆகவே விசாரித்துவிட்டுப் போங்கள்.

கல்லூரிக்கு நன்கொடை கொடுக்கச் சொல்லி யேலுக்குக் கடிதம் எழுதிய பாஸ்டன் போதகர் காட்டன் மாதர், தரங்கம்பாடியில் தமிழில் வேதாகமத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த சீகன்பால்குவுக்கும் எழுதினார். அந்தக் கடிதப் போக்குவரத்தை 1721-ல் பாஸ்டனில் அச்சிட்டார்கள். அடுத்த நூற்றாண்டில் நியூ இங்கிலாந்தின் பியூரிட்டன் வழிவந்த காங்கிரிகேஷனல் சபையினர் யாழ்ப்பாணத்துக்கும் மதுரைக்கும் மெட்ராஸுக்கும் வந்தார்கள். 1862-ல் இங்கே வெளியான பெரிய தமிழ் அகராதியின் மிரன் வின்ஸ்லோ அவர்களில் ஒருவர். பேராயரே வேண்டாம் என்று கடல் தாண்டியவர்களின் அந்த வழியில் வந்த சபைகள், கதீட்ரல் சாலை புனித ஜார்ஜ் பேராலயத்தில் 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன்களோடும் மெத்தடிஸ்டுகளோடும் சேர்ந்து, பேராயர்களை ஏற்றுக்கொண்டு, தென்னிந்தியத் திருச்சபை ஆனார்கள். அந்த வளாகத்துக்கும் போய் வாருங்கள், நூலகத்தில் கிடைக்காத ஒரு தெளிவு வரும்.

தேர்வில் எழுதும்போது

கறுப்பு உடை, தொப்பியில் பெரிய பக்கிள் என்ற படத்தை மறந்துவிடுங்கள், அது பிற்கால ஓவியர்களின் வேலை. அவர்கள் வண்ண உடை உடுத்தினார்கள், தாராளமாக பீர் குடித்தார்கள். சேலத்தில் 1692-ல் சூனியக்காரர்கள் என்று யாரையும் எரிக்கவில்லை, 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஒருவரைக் கல் வைத்து நசுக்கினார்கள். நம்ம ஊர் சேலம் இல்லை என்று சொல்லத் தேவையில்லை. பதினைந்து மதிப்பெண் கேள்வி வந்தால் முதல் பத்தியில் பில்கிரிமையும் பியூரிட்டனையும் பிரித்துக்காட்டி, இரண்டாவதில் சாசனத்தை எடுத்துக்கொண்டு போனதைச் சொல்லி, மீதி இடத்தை வில்லியம்ஸ், ஹட்சின்சன், டயர் மூவருக்கும் கொடுங்கள். நேரம் ஒரு சனி ஞாயிறுதான் இருக்கிறதா? மற்றதை விட்டுவிட்டு ஹட்சின்சன் விசாரணையை மட்டும் படியுங்கள், அதுவே இந்த மொத்தச் சண்டையையும் காட்டிவிடும்.